பழைய இரட்டை டர்போ காரும் ஒரு சாண் ரப்பர் ஹோஸும்

2019ஆம் ஆண்டு, சென்னையில் ஒருவர் ஒன்பது ஆண்டுகள் வைத்திருந்த இரட்டை டர்போ பெட்ரோல் காரை வாங்கித் தஞ்சாவூருக்குக் கொண்டுவந்தேன். மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர் இன்ஜின். முதல் மூன்று சிலிண்டர்களின் புகை ஒரு டர்போவையும் அடுத்த மூன்றின் புகை மற்றொரு டர்போவையும் சுழற்றும்; சுழலும் டர்போ இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும். இரண்டும் ஒரே அளவுள்ள சிறிய டர்போக்கள். வாங்கிய மூன்றாவது மாதத்தில், திருச்சி சாலையில் செங்கிப்பட்டியைத் தாண்டி, கரும்பு ஏற்றிச் சென்ற லாரியை முந்துவதற்காக ஆக்சிலேட்டரை அழுத்தினேன். பாதி தூரம் சீராக ஏறிய வேகம் திடீரென்று நின்றுபோனது. இன்ஜின் விளக்கு எரிந்தது. அதன்பின் எவ்வளவு அழுத்தினாலும் கார் சாதாரண ஆயிரத்து இருநூறு சிசி காரைப் போலத்தான் நகர்ந்தது. எதிரே வந்த பேருந்துக்காரர் ஒதுங்கி வழிவிட்டதால் மீண்டும் என் வரிசைக்குத் திரும்ப முடிந்தது. அந்தச் சில விநாடிகளை இன்றும் நினைத்துப் பார்ப்பதுண்டு. பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்) கட்டுப்பாடு என்பதை வேகம் விரும்புகிறவர்களின் பொழுதுபோக்காகப் பலர் எண்ணுகிறார்கள். முந்தும்போது கைவிடாமல் இருப்பதற்கான பராமரிப்பு அது என்பதை நான் கற்றுக்கொண்டது அந்த இடத்தில்தான்.

ஸ்கேனரில் வந்த குறிப்பு, பூஸ்ட் அழுத்தம் கேட்ட அளவுக்கு வரவில்லை என்பது மட்டுமே. நகரத்துப் பட்டறை ஒன்றில் இரண்டு டர்போக்களையும் மாற்றியாக வேண்டும் என்று கூறி, கார் வாங்கிய விலையில் பாதிக்கு மேல் மதிப்பீடு எழுதித் தந்தார்கள். அவர்கள் எதையும் கழற்றிப் பார்க்கவில்லை, எதையும் அளக்கவில்லை என்பதுதான் எனக்கு உறுத்தியது. டர்போ உண்மையிலேயே போயிருந்தால் வெள்ளை அல்லது நீலப் புகை, எண்ணெய் குறைதல், அரைக்கும் சத்தம், தண்டில் கைக்குத் தெரியும் ஆட்டம் என ஏதாவது ஓர் அடையாளம் இருக்கும். என் காரில் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது கேட்ட லேசான உலோகச் சலசலப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆகவே காரைத் திரும்பக் கொண்டுவந்து, லாரி, பேருந்து டர்போக்களில் முப்பது ஆண்டுகள் கைபழகிய எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணனிடம் போய் நின்றேன். இந்த வகைக் காரை அவர் அதுவரை தொட்டதில்லை. ஆனால், "காத்து எங்க போகுதுன்னு பாக்காம டர்போவ மாத்தக் கூடாது தம்பி" என்று அவர் சொன்ன வார்த்தையிலிருந்துதான் எங்கள் வேலை தொடங்கியது.

பூஸ்ட் கட்டுப்பாட்டை டெல்டாக்காரர்களுக்கு விளக்க முக்கொம்பே போதும். அங்கே காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. ஆர்தர் காட்டன் 1836இல் கட்டிய மேலணை கொள்ளிடத்தின் குறுக்கே நின்று, வேண்டாத நீரை மட்டும் அந்தப் பக்கம் விட்டுவந்தது. டர்போவில் அந்த மேலணையின் இடத்தில் இருப்பதுதான் வேஸ்ட்கேட். புகை முழுவதும் டர்பைன் சக்கரத்தின் (புகை சுழற்றும் சக்கரம்) வழியாகப் போனால் அழுத்தம் கட்டுக்கடங்காமல் ஏறும். வேஸ்ட்கேட்டின் சிறிய மதகு திறந்தால் ஒரு பகுதிப் புகை சக்கரத்தைத் தொடாமலேயே சைலன்சருக்குப் போய்விடும். 2018 ஆகஸ்ட் 22 அன்று இரவு மேலணையின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டபோது, காவிரிப் பக்கம் போக வேண்டிய தண்ணீர் கொள்ளிடத்தில் ஓடியதை நாம் பார்த்தோம். வேஸ்ட்கேட் முழுமையாக மூடாத டர்போவில் நடப்பதும் அதுதான். டர்போவில் குற்றம் இருக்காது. அதற்குச் சேர வேண்டிய புகைதான் வந்து சேராது.

இந்த மதகை இயக்கும் முறை எல்லாக் கார்களிலும் ஒன்றல்ல என்பதை முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். பல கார்களில் பூஸ்ட் அழுத்தமே ஆக்சுவேட்டரை (மதகோடு கம்பியால் இணைந்த சிறிய இயக்கி) தள்ளி மதகைத் திறக்கும். அந்த ஹோஸ் கழன்றால் அழுத்தம் எல்லை மீறும். என் காரில் நேர்மாறான ஏற்பாடு. இன்ஜினோடு சுழலும் வாக்குவம் (வெற்றிட உறிஞ்சல்) பம்பு, கணினியின் மின்கட்டளைப்படி இயங்கும் இரண்டு சோலினாய்டு வால்வுகள் வழியாக இரண்டு ஆக்சுவேட்டர்களையும் இழுத்து மதகுகளை மூடுகிறது; வாக்குவம் இல்லையென்றால் மதகு திறந்தே கிடக்கும். ஆகவே இங்கே ஹோஸ் விரிந்தால், வெடித்தால், கடிபட்டால் பூஸ்ட் குறையும். எந்த ஏற்பாடு என்று தெரியாமல் ஹோஸ்களைத் தொடுவது ஆபத்தானது. இதை அனுபவமுள்ள மெக்கானிக்குகள்கூடக் குழப்பிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து அளவெடுப்பு. சில ஆயிரம் ரூபாய்க்கு வாங்கிய, காரின் கணினியைப் படிக்கும் ஓபிடி கருவியையும் கைபேசிச் செயலியையும் கொண்டு, கேட்ட பூஸ்ட், கிடைத்த பூஸ்ட், சோலினாய்டுகளுக்குப் போகும் கட்டளை, உள்ளே போகும் காற்றின் வெப்பம் ஆகிய நான்கையும் பதிவு செய்தோம். இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பி வைத்துப் பார்த்தால் அழுத்த சென்சார்கள் எல்லாம் ஊரின் காற்றழுத்தத்தையே காட்ட வேண்டும். கடல்மட்டத்திலிருந்து அதிக உயரமில்லாத நம் பகுதியில் அது ஏறத்தாழ 1000 முதல் 1010 மில்லிபார். ஒரு சென்சார் மட்டும் விலகி நின்றால் வேறு எதையும் சோதிக்கும் முன் அதைக் கவனிக்க வேண்டும். பிறகு அதிகாலையில், நெல் காயப்போடாத, ஆள் நடமாட்டமில்லாத நேர்ச்சாலையில், மூன்றாம் கியரில் 2000 சுற்றிலிருந்து 4000 வரை ஒரே அழுத்தாக ஏற்றினோம். ஓட்டுகிறவர் திரையைப் பார்க்கவே கூடாது. என் மைத்துனர் பக்கத்தில் அமர்ந்து பதிவு செய்தார். கேட்டது வளிமண்டலத்துக்கு மேல் 0.6 பார், கிடைத்தது 0.35ஐத் தாண்டவில்லை. சோலினாய்டுக் கட்டளையோ உச்சத்தில் நின்றது. கணினி தன்னால் இயன்றவரை மதகை மூடச் சொல்லிக்கொண்டிருக்கிறது, ஆனால் காற்று சேரவில்லை என்பது இதன் பொருள். பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றோ ஒன்றுக்கு மேற்பட்டதோ காரணமாக இருக்கும்: சேர்ந்த காற்று வெளியே கசிகிறது, மதகு மூடவில்லை, அல்லது டர்போ தளர்ந்துவிட்டது. செலவு குறைந்த வரிசையும் இதுவே என்பதால் இதே வரிசையில் சோதித்தோம்.

காற்றுக் கசிவைக் கண்டுபிடிக்க கும்பகோணத்தில் ஒரு லேத் பட்டறையில் நைலான் உருளையிலிருந்து இரண்டு அடைப்பான்கள் கடைந்து வாங்கினேன். டர்போ ஒவ்வொன்றின் காற்று நுழைவாயிலிலும் ஒன்றை வைத்து கிளாம்பு போட்டு இறுக்க வேண்டும். ஒன்றில் மட்டும் நடுவே துளையிட்டு, டியூப் இல்லாத டயருக்குப் போடும் வால்வைப் பொருத்தினோம். கிராங்க்கேஸுக்கு (இன்ஜினின் கீழ்ப்பகுதி அறை) போகும் காற்றுக் குழாயைத் தனியாக அடைத்துவிட வேண்டும். இல்லையென்றால் அழுத்தம் ஆயில் சீல்களைப் பதம் பார்த்துவிடும். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரால் 0.5 பார் வரை மெதுவாக ஏற்றினோம். அதற்கு மேல் ஏற்றவில்லை. பஞ்சர் கடையில் செய்வது போல, ஒவ்வொரு இணைப்பிலும் பெயிண்ட் பிரஷால் சோப்புத் தண்ணீர் தடவினோம். திராட்டிலுக்கு (இன்ஜினுக்குள் காற்றை விடும் வாயில்) முன்னால் இருக்கும் பிளாஸ்டிக் குழாயின் இணைப்பில் நுரை கொத்தாகப் பொங்கியது. உள்ளே இருந்த ஓ-ரிங் (ரப்பர் வளையம்) வட்டமாக இல்லாமல் தட்டையாகிப்போய், நகத்தால் அழுத்தினால் திரும்பி எழும்பாத அளவுக்கு இறுகியிருந்தது. குழாயின் வாய் ஓரத்தில் தலைமுடி அளவு விரிசலும் இருந்தது. அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைக் கழற்றி, இருபுறமும் அடைத்து, என் மாமா வயலில் பம்புசெட் தொட்டியில் அமிழ்த்திப் பார்த்தோம். ஒரு குமிழிகூட வரவில்லை. பம்புசெட் தொட்டியைப் போல வசதியான சோதனைக்கூடம் நகரத்துப் பட்டறைகளுக்குக் கிடைக்காது.

விரிசல் விட்ட பிளாஸ்டிக் குழாய்க்குப் பதிலாக அலுமினியக் குழாயைப் பொருத்தி, ஓ-ரிங்கை மாற்றியதும் பூஸ்ட் 0.45 வரை வந்தது. மற்ற 0.15 எங்கே என்பதைக் கண்டுபிடிக்கத்தான் அதிகப் பொறுமை தேவைப்பட்டது. இந்தக் கட்டத்தில்தான் இரட்டை டர்போவுக்கே உரிய ஒரு சிக்கலும் ஒரு வசதியும் எங்களுக்குப் புரிந்தன.

சிக்கல் இதுதான். இரண்டு டர்போக்களின் காற்றும் ஒரே குழாயில் கலந்த பிறகுதான் சென்சார் அளக்கிறது. எது உழைக்கிறது, எது சும்மா இருக்கிறது என்று கணினிக்குத் தெரியாது. ஒன்று சோர்ந்தால் கணினி இரண்டுக்கும் சேர்த்துக் கட்டளையைக் கூட்டும். நல்லதாக இருக்கும் டர்போ மற்றதன் பங்கையும் சுமந்து, தேவைக்கு மேல் சுழன்று, அதுவும் விரைவில் தேய்ந்துபோகும். வெளியே தெரிவது மொத்தக் கணக்கு மட்டுமே. இரண்டு ஏர்களில் ஒன்று மட்டும் ஆழமாக உழுதாலும் வயல் முழுவதும் உழுததாகத் தோன்றுவது போல.

வசதி என்னவென்றால், ஒற்றை டர்போ காரில் எது சரியான அளவு என்று தெரிந்துகொள்ள ஆலைக் கையேடு வேண்டும்; இரட்டை டர்போவில் ஒன்றுக்கு மற்றொன்றே அளவுகோல். ஒரே வயது, ஒரே எண்ணெய், ஒரே ஓட்டம். இரண்டு பக்கத்திலும் ஒரே சோதனையைச் செய்து, வித்தியாசம் எங்கே வருகிறதோ அங்கே கையை வைத்தால் போதும். இந்தப் பழைய கார்களை வைத்திருப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். எந்த அளவையும் தனியாக எழுதி வைக்காதீர்கள். முன் டர்போ, பின் டர்போ என்று இரண்டு பத்தியாக எழுதுங்கள்.

கையால் இழுக்கும் வாக்குவம் பம்பும் அதன் மீட்டரும் சேர்ந்து ஒரு நல்ல ஸ்பேனர் செட்டின் விலைதான். முதலில் இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, காரின் வாக்குவம் பம்பு இழுப்பதை அளந்தோம். 25 அங்குலப் பாதரசம் (வாக்குவத்தை அளக்கும் அலகு) வந்தது, பம்பில் குறையில்லை. அடுத்து இன்ஜினை நிறுத்தி, சோலினாய்டிலிருந்து முன் ஆக்சுவேட்டருக்குப் போகும் ஹோஸைக் கழற்றி, கைப்பம்பால் 20 அங்குலம் இழுத்து ஒரு நிமிடம் காத்திருந்தோம். முள் அசையவில்லை. பின் டர்போவின் ஹோஸில் அதே அளவு இழுத்தபோது, இழுத்து முடிக்கும் முன்பே முள் இறங்கத் தொடங்கி, பத்து விநாடியில் பாதிக்கு வந்தது. ஆக்சுவேட்டரிலேயே நேரடியாகப் பம்பை மாட்டிப் பார்த்தால் முள் நின்றது. ஆகவே ஆக்சுவேட்டருக்குள் இருக்கும் டயாபிரம் (சவ்வு) நல்லது, கசிவு நடுவில் இருக்கும் ஹோஸில்.

அந்த ஹோஸை வெளியே எடுக்க ஒரு மாலைப்பொழுது முழுவதும் ஆனது. வெப்பத் தகட்டுக்குப் பின்னால், கை மட்டும் நுழையும் இடத்தில், கண்ணாடித் துண்டையும் டார்ச்சையும் வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. எடுத்த பிறகு மேசையில் வைத்துப் பார்த்தால் ஒரு சாண் நீளம்தான். டர்போ பக்கத்து முனை சூட்டில் வெந்து, வளைத்தால் உலர்ந்த முருங்கைக்காய்த் தோல் போல வெடித்தது. மறுமுனைக்கு அருகே, இணையாக இரண்டு சிறு பள்ளங்கள், எலிப் பல். தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்து வயல் வெறுமையானதும் வயல் எலிகள் வீடுகளை நோக்கி வரும். இரவில் நிறுத்திய காரின் சூடான இன்ஜின் அறை அவற்றுக்கு நல்ல இடம். எங்கள் வீட்டில் வைக்கோல் போருக்கு அருகிலேயே காரை நிறுத்திக்கொண்டிருந்தோம். இப்போது நிறுத்துமிடத்தை மாற்றிவிட்டேன். அறுவடைக் காலத்தில் வாரம் ஒருமுறை பானட்டைத் திறந்து, வைக்கோல் துணுக்கோ புழுக்கையோ தென்படுகிறதா என்று பார்க்கிறேன். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட செலவாக எழுதப்பட்ட மதிப்பீடு, இந்த ஒரு சாண் ரப்பரிலும் ஒரு ஓ-ரிங்கிலும் ஒரு குழாயிலும் முடிந்தது.

ஆனால் ஹோஸை மாற்றியதில் நான் ஒரு தவறு செய்தேன். மற்றவர்கள் அதைச் செய்யாமலிருக்க விரிவாகவே எழுதுகிறேன். கிடைத்த சிலிகான் ஹோஸை வாங்கி, இரண்டு பக்கத்துக்கும் போட்டேன். உள்விட்டம் பழையதைவிடச் சற்றுப் பெரியது, சுவர் மெல்லியது, நீளத்தையும் பார்வைக்கு அழகாக வளையட்டும் என்று தாராளமாக விட்டேன். பூஸ்ட் 0.6 வந்தது, ஆனால் அங்கே நிற்கவில்லை. பதிவில் 0.5க்கும் 0.72க்கும் இடையே ஊஞ்சல் போல ஆடியது. காரில் அமர்ந்திருப்பவர்களுக்கு யாரோ பின்னாலிருந்து தள்ளித் தள்ளி விடுவது போன்ற உணர்வு. காரணம் எளிது. ஹோஸின் உள்ளே இருக்கும் காற்றின் அளவு கூடினால், சோலினாய்டு கட்டளையிட்ட பிறகு மதகு அசைய நேரமாகும்; கணினி அந்தத் தாமதத்தை அறியாமல் கட்டளையைக் கூட்டும்; மதகு பிந்தி மிகுதியாக மூடும்; பிறகு கணினி குறைக்கும். மேலும் மெல்லிய சிலிகான் சூடானதும் வாக்குவத்தில் உள்ளே ஒட்டிக்கொண்டது. பழைய ஹோஸை வெட்டி, வெர்னியரில் உள்விட்டத்தை அளந்து, அதே அளவில் தடித்த சுவருள்ள வாக்குவம் ஹோஸைத் தருவித்து, இரண்டு பக்கமும் பழைய நீளத்துக்கே வெட்டிப் போட்ட பிறகுதான் ஆட்டம் நின்றது. வெப்பத் தகட்டுக்கு அருகே போகும் பகுதிக்குக் கண்ணாடியிழை உறையும் மாட்டினேன். பழைய காரை மேம்படுத்துகிறோம் என்ற பெயரில் பொருளை மாற்றலாம். அளவை மாற்றக் கூடாது.

சோலினாய்டுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பத்து ஆண்டைத் தாண்டிய காரில் ஒன்று மெதுவாகிவிட்டது என்று தெரிந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றை மட்டும் புதிதாகப் போட்டால் இரண்டு பக்கமும் வெவ்வேறு வேகத்தில் பதில் சொல்லும்.

காலைச் சலசலப்புக்கு வருகிறேன். வேஸ்ட்கேட் மதகின் தண்டு, டர்போ உடலில் உள்ள புஷ்ஷில் (தண்டைத் தாங்கும் உலோக வளையம்) தேய்ந்து ஆடுவதால் வரும் சத்தம் அது. தேய்ந்த புஷ்ஷுக்குப் பதிலாகப் பித்தளையில் ஒன்று கடைந்து போடலாமே என்று அதே லேத் பட்டறையில் கேட்டேன். நாச்சியார்கோவில் விளக்குகளுக்குப் பக்கத்திலேயே வளர்ந்த எனக்குப் பித்தளை என்றால் எதற்கும் ஆகும் என்ற எண்ணம். "சூடு எவ்வளவுங்க வரும்?" என்று கேட்டார் லேத்காரர். பெட்ரோல் டர்போவுக்குள் நுழையும் புகை, முழு பாரத்தில் 900 டிகிரியை எட்டும், சில நேரம் தாண்டவும் செய்யும் என்றேன். "அப்ப பித்தளை உருகிப் போயிடுங்க, வேணாம்" என்று காசு வாங்க மறுத்துவிட்டார். அவர் சொன்னது முழுக்கச் சரி. அந்த வெப்பத்தில்தான் பித்தளையும் உருகத் தொடங்கும்.

புஷ்ஷை மாற்றாமல் நாங்கள் செய்தது, ஆக்சுவேட்டர் கம்பியின் நீளத்தைச் சரிசெய்தது மட்டும்தான். கைப்பம்பால் மெதுவாக இழுத்தபடி, எந்த அளவில் கம்பி நகரத் தொடங்குகிறது, எந்த அளவில் மதகு முழுக்க அமர்கிறது என்று இரண்டு பக்கத்துக்கும் எழுதினோம். பின் டர்போவின் மதகு அமர, முன்னதைவிட 3 அங்குலம் கூடுதலாக இழுக்க வேண்டியிருந்தது. நட்டை அரைச் சுற்று திருப்புவது, அளப்பது, மீண்டும் அரைச் சுற்று என இரண்டும் ஒன்றாகும் வரை செய்தோம். சத்தத்தை ஒழிக்க வேண்டும் என்பதற்காகக் கம்பியை மேலும் இறுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். சத்தம் போய்விடும், ஆனால் மதகு முழுதாகத் திறக்க இயலாமல், உயர்ந்த சுற்றில் பூஸ்ட் கட்டளையை மீறி ஊர்ந்து ஏறும். கேட்கும் சத்தத்தைவிடக் கேட்காத அழுத்தம் இன்ஜினுக்குக் கெடுதல். என் காரில் குளிர்ந்த காலையில் இன்னும் லேசாகச் சலசலக்கத்தான் செய்கிறது. அதை அப்படியே விட்டிருக்கிறேன்.

நம் பகுதியின் தட்பவெப்பம் தனியாகக் கவனிக்கப்பட வேண்டியது. மே மாதத்தில் 38 டிகிரிக் காற்றை 0.6 பார் பூஸ்டுக்கு அழுத்தினால், டர்போவில் காற்றை அழுத்தும் பகுதியான கம்ப்ரசரின் திறனை 70 சதவீதமாக வைத்துக் கணக்கிட்டால்கூட, வெளியே வரும் காற்று 100 டிகிரியை ஒட்டி இருக்கும். இன்டர்கூலர்தான் அதைக் கீழே இறக்க வேண்டும். குறுவை, சம்பா அறுவடை நாள்களில் அறுவடை இயந்திரம் கிளப்பும் உமித்தூசும் சுணையும் இன்டர்கூலரின் முன்முகத்தில் ஒரு போர்வையைப் போல ஒட்டிக்கொள்ளும். மழை ஈரம் பட்டால் களிமண்ணாக இறுகும். அறுவடை முடிந்ததும் பம்பரைக் கழற்றி, மென்மையான தண்ணீர் வேகத்தில் பின்பக்கத்திலிருந்து கழுவுகிறேன். ஏர் ஃபில்டரைக் கிலோமீட்டர் கணக்கில் மாற்றுவதை நிறுத்திவிட்டு, அறுவடைக் கணக்கில் மாற்றுகிறேன். அடைபட்ட ஃபில்டருக்குப் பின்னால் டர்போ அதே பூஸ்டைத் தர இன்னும் வேகமாகச் சுழல வேண்டியிருக்கும்; மீட்டரில் எந்த மாற்றமும் தெரியாது.

பூஸ்ட் சரியானதும், மென்பொருளை மாற்றி 0.9 பார் வரை ஏற்றித் தருகிறோம் என்று இருவர் கேட்டார்கள். நான் சம்மதிக்கவில்லை. ஊர்ப்புறத்தில் அப்போது எல்லா நேரமும் 95 ஆக்டேன் பெட்ரோல் கிடைக்கவில்லை. அப்போதைய சாதாரண 91 ஆக்டேனில், நமது கோடையில், காற்றின் வெப்பம் உயர்ந்திருக்கும்போது நாக்கிங் (எரிபொருள் நேரம் தவறித் தானாக வெடிப்பது) வர அதிக நேரம் ஆகியிருக்காது. கேட்ட பூஸ்டும் கிடைத்த பூஸ்டும் ஓராண்டுக்கு ஒரே கோட்டில் நிற்கிறதென்று நிரூபிக்காத காரில் அழுத்தத்தைக் கூட்டுவது, கரை பார்க்காத வாய்க்காலில் தண்ணீரைக் கூட்டித் திறப்பதற்குச் சமம். புதிய பிளக்குகள், 7000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய், நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு உடனே அணைக்காமல் ஓரிரு நிமிடம் ஐடிலில் விடுவது. கூடுதல் பணத்தை நான் இவற்றில்தான் போட்டிருக்கிறேன்.

இப்போது காரின் கையுறைப் பெட்டியில் நாற்பது பக்க நோட்டு ஒன்று இருக்கிறது. மேட்டூர் திறக்கும் ஜூன் மாதத்தில் ஒருமுறை, தை அறுவடைக்குப் பின் ஒருமுறை என ஆண்டுக்கு இரண்டு முறை, முன், பின் என்ற இரண்டு பத்திகளில் அளவுகளை எழுதுகிறோம். கடைசியாக எழுதிய நாளில் இரண்டு பக்கமும் 20 அங்குலத்தில் ஒரு நிமிடம் அசையாமல் நின்றன; மதகு அமரும் அளவில் பின்பக்கம் மட்டும் அரை அங்குலம் விலகியிருக்கிறது. அந்த எண்ணுக்குக் கீழே மெக்கானிக் அண்ணன் பென்சிலால் ஒரு கோடு போட்டு, தை மாதம் மறுபடி பார்க்க வேண்டும் என்று தேதியில்லாமல் எழுதி வைத்திருக்கிறார்.